அவள் சொன்னதும் நான் எழுதியதும்

அவளை நான் பார்த்தது மொத்தம் பதின்மூன்று நாள்தான். அதில் பன்னிரண்டு நாள் பரீட்சை நாள். பதின்மூன்றாவது நாளைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் மற்ற நாட்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் கணக்கு டீச்சர். பாலக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்பு வரைதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ பொதுத்தேர்வு வந்தால் எங்களை வேறு பள்ளிகளுக்குப் பணிக்கு அனுப்புவார்கள். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அந்தக் கையெழுத்தால்தான் எனக்கு 'சொல்வதை எழுதுபவர்' என்ற பணி வந்தது. தானாக எழுத முடியாத பிள்ளைகள் பதிலை வாயால் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆசிரியர் அதை அப்படியே விடைத்தாளில் எழுத வேண்டும். தனி அறை, ஒரு மணி நேரம் கூடுதல். அந்தப் பாடத்தை நடத்துகிறவர் எழுதக் கூடாது என்பது விதி. எழுதுகிறவர் மூளையை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கு அது அப்போது புரியவில்லை.

முதல் நாள் பிளஸ் ஒன் தமிழ்ப் பரீட்சை. அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் நூலக அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பூட்டிய பீரோக்களுக்கு நடுவே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வாசல் ஓரமாகக் கண்காணிப்பாளருக்கு ஒரு நாற்காலி. அவள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், விரல் நுனிகளில் பச்சையும் கறுப்புமாகக் கறை. தக்காளி பறிக்கிறவர்களுக்கு இருக்கும் கறை அது. சோப்பு போட்டாலும் இரண்டு நாள் போகாது. கண் நன்றாக இருக்கிறது, கை நன்றாக இருக்கிறது, இவளுக்கு எதற்கு ஓர் ஆள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, கேட்டும்விட்டேன்.

"உனக்கு என்னம்மா பிரச்சன?"

"எழுத்து மாறிப் போயிருதுங்க டீச்சர். படிப்பேன், மெதுவா. எழுதுனா பின்னாடி வர்றது முன்னாடி வந்துருது."

ஐந்தாம் வகுப்பில் ஒரு வாத்தியார் அவளை ஒரே வாக்கியத்தை நூறு தரம் எழுத வைத்தாராம். நூறு தரமும் நூறு விதமாக வந்ததாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒன்பதாவது வரைக்கும் எல்லோரும் அவளைச் சோம்பேறி என்றே நினைத்திருக்கிறார்கள். பிறகு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். விடைத்தாளின் முதல் பக்கத்தில் மாணவர் கையொப்பம் மட்டும் அவளே போட வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு போட்டாள். இரண்டு நிமிஷம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது நினைத்தால் அந்தக் கடிகாரம் பார்த்ததற்கே வெட்கமாக இருக்கிறது.

கேள்வியைப் படித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். "இன்னொருக்கா படிங்க டீச்சர்" என்பாள். இரண்டாம் தரம் படித்ததும் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறும். எத்தனை கருத்து கையில் இருக்கிறது என்று எண்ணுவாள். எண்ணி முடிக்காமல் வாயைத் திறக்க மாட்டாள். "மூணு இருக்குதுங்க" என்று அறிவித்துவிட்டு, மூன்றையும் கோர்வையாகச் சொல்வாள். நிறுத்தற்குறி வர வேண்டிய இடத்தில் அவள் குரலே நின்று தரும். நான் எழுதி முடிக்கும் வரை அடுத்ததைத் தொட மாட்டாள். என் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைகளுக்குக்கூட இப்படிப் பேச வராது.

அவளுக்கு உலகத்தில் விஷயங்கள் மூன்று வகை. தெரிந்தது, தெரியாதது, 'கேட்ட மாதிரி இருக்கறது'. இந்த மூன்றாவது வகைதான் எனக்குப் பெரிய தலைவலி. ஒரு செய்யுளில் நான்கு வரி கேட்டிருந்தார்கள். மூன்று வரி சொன்னாள்.

"நாலாவது?"

"கேட்ட மாதிரி இருக்குதுங்க. வேணாம்."

"பரவால்ல, நாக்குல வர்றதச் சொல்லு."

"நாக்குல வர்றதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுன்னு ஆயிருமுங்களா டீச்சர்?"

பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி இல்லை, கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு நிற்கிற சாட்சி மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நாடே பாதி தெரிந்ததை முழுசாய்த் தெரிந்த மாதிரி சொல்லிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. இவள் ஒருத்தி அரை மதிப்பெண்ணுக்கு நியாயம் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் பரீட்சையில் ஒன்று நடந்தது. ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு நான்கு விடைகளையும் நான் படித்துக் காட்ட வேண்டும், அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடை வரும்போது என் குரல் தானாகக் கொஞ்சம் நின்று, அழுத்தி, அப்புறம் நகர்ந்தது. வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால், ஆமாம், வேண்டுமென்றுதான். ஐந்தாறு கேள்வி போனதும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"டீச்சர், எல்லாத்தையும் ஒரே மாதிரி படிங்க."

"ஒரே மாதிரிதானே படிக்கறேன்."

"இல்லீங்க. இப்படிப் படிச்சா நான் கேள்விய உட்டுட்டு உங்க கொரலக் கவனிக்கறேன்."

வாசலில் இருந்த கண்காணிப்பாளர் கழுத்தைத் திருப்பினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றைக்கு மிச்சக் கேள்விகளை ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரே தொனியில் படித்து முடித்தேன். அவள் அதற்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் கிளம்பும்போது, "நாளான்னிக்கும் நீங்கதானுங்களே டீச்சர்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

கூடுதல் நேரம் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது மற்ற பிள்ளைகள் எல்லோரும் போயிருப்பார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே பஸ். நிறுத்தத்தில் நிழலுக்கு ஒரு புளியமரம்தான். அங்கே நிற்கும்போதுதான் அவள் வீட்டுக் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அப்பாவுக்கு ஒன்றே கால் ஏக்கர் கொல்லை, அதில் தக்காளி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன் பத்தாவதில் தோற்றுவிட்டு மினி லாரி ஓட்டுகிறான்.

"எங்கண்ணன் சொல்றான், எனக்கும் ஒரு டீச்சரக் கூட உக்கார வெச்சிருந்தா நானும் இன்னேரம் டாக்டருன்னு. ஊருல இதுக்குப் பேரே டீச்சரு எழுதற பரீட்சைங்க."

"உங்கப்பா என்ன சொல்றாரு?"

"அப்பாவா? நீயா பாஸ் பண்ணுனா உன்னயக் காலேஜிக்கு அனுப்பறேன். டீச்சரு பாஸ் பண்ணுனா டீச்சரையே காலேஜிக்கு அனுப்பறேன்னுட்டாருங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவள் சொன்னாள், அப்பா அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை என்று. பெண் பிள்ளையைத் தருமபுரி வரைக்கும் பஸ் ஏற்றி அனுப்புவது அவருக்குப் பெரிய காரியம். அதற்கு அவர் கேட்கிற ஒரே விலை, அது அவள் படிப்பாக இருக்க வேண்டும் என்பது. எழுதத் தெரியாதவள் என்று ஊர் சொல்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்று தெரியும் என்று அவர் நம்ப வேண்டும். அவளுக்குப் பொருளாதாரம் படிக்க ஆசை. "மண்டியில வெல ஏன் ஏறுது, ஏன் எறங்குதுன்னு அதுல இருக்குதாமுங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் அது வேதாந்தக் கேள்விதான்.

பிளஸ் ஒன்னில் ஆறு பாடமும் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. நாற்பதுகளும் ஐம்பதுகளும். அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தது. அந்த வருஷம் குரல் ஒன்றைத் தவிர நான் வேறு தப்புச் செய்யவில்லை. இதை ஒரு சாதனை மாதிரிச் சொல்கிறேன் பாருங்கள்.

அடுத்த வருஷம் பட்டியலில் மறுபடியும் அவளே எனக்கு வந்தாள். முதல் ஐந்து பரீட்சையும் பழையபடிதான். கடைசிப் பரீட்சை பொருளாதாரம். அன்று வெயில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் அவள் பள்ளி ஆசிரியர் ஒருவர் நின்றிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், இந்தப் பாடத்துல கொஞ்சம் வீக்குங்க. நடுவுல உடம்பு சரியில்லாம ரெண்டு மாசம் வரல. பாத்துப் பண்ணுங்க."

பாத்துப் பண்ணுங்க என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பழியை அவர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. போன வருஷம் என் மகள் இதே பாடத்தை வீடு முழுக்க நடந்து நடந்து ஒப்பித்திருந்தாள். சமையலறையில் நின்றபடியே எனக்கு நோட்ஸ் முழுவதும் மனப்பாடம் ஆகியிருந்தது. மூளை அன்றைக்கு முழுசாக என்னுடன்தான் உள்ளே வந்தது.

ஒரு மதிப்பெண் கேள்வி இருபதில் பதினைந்துக்குச் சொன்னாள். ஐந்தை விட்டுவிடச் சொன்னாள்.

"ஏதாவது ஒண்ணு போடும்மா. விழுந்தா விழட்டும்."

"விழுந்தா அது என்னோடது இல்லீங்களே டீச்சர்."

ஐந்தும் வெற்றாகவே நின்றது. பெரிய கேள்விகளுக்கு வந்தோம். ஒன்று சொன்னாள், அடுத்ததை விட்டாள். ஒன்று சொன்னாள், அடுத்ததை விட்டாள். 'தெரியாதுங்க, உட்டுருங்க' என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு பதற்றம் ஏறியது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகம். எனக்குப் பசி. தேறாமல் போய்விடுவாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கணக்கு டீச்சர் நான், எவ்வளவு சொல்லியிருக்கிறாள் என்று கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. விட்டதை மட்டும்தான் கூட்டினேன்.

மறைமுக வேலையின்மை என்றால் என்ன, விளக்குக என்று ஒரு கேள்வி. அவள் விரலில் எண்ணவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"எங்க கொல்லை ஒண்ணே கால் ஏக்கருங்க. அதுக்கு நாலு பேரு போதும். நாங்க வூட்டுல ஏழு பேரும் அதுலதான் கெடக்கறோம். மூணு பேரு வேற வேலைக்குப் போயிட்டாலும் ஒரு கூடை தக்காளி கொறையாது. பாக்கறவங்களுக்கு ஏழு பேரும் வேல செய்யற மாதிரித்தான் இருக்கும். ஆனா மூணு பேருக்கு வேல இல்ல, அது வெளிய தெரியாது. அதாங்க."

கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த மூணு பேருல நானும் ஒருத்திங்க. அத எழுத வேணாம்."

அதைவிடச் சரியான பதிலை அந்தக் கேள்விக்கு யாரும் சொல்ல முடியாது என்று எனக்கு இன்று தெரியும். அன்று என்ன நினைத்தேன் தெரியுமா? கொல்லை, கூடை, வூட்டுல ஏழு பேர் என்று எழுதினால் திருத்துகிறவர் சிரிப்பார் என்று நினைத்தேன். என் அழகான கையெழுத்தில் அந்த வாக்கியங்களைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் என் மகளின் நோட்ஸிலிருந்து வரையறையை எழுதினேன். இறுதிநிலை உற்பத்தித்திறன் சுழியம் என்று ஆரம்பித்து ஐந்து வரி. பேனா சறுக்கிக்கொண்டு போனது.

ஒருமுறை கை போய்விட்டால் நிற்காது. அவள் வேறொரு கேள்விக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போது, விட்ட கேள்விக்கு நான் எழுதினேன். அப்புறம் இன்னொன்று. நான்கைந்து கேள்விக்கு எழுதினேன். கண்காணிப்பாளர் கொட்டாவி விட்டுக்கொண்டு வராந்தாவைப் பார்த்தபடி இருந்தார். ஒரு தடவை அவள் கண்ணைத் திறந்து, பேனா ஓடுவதைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே, இன்னுமா எழுதறீங்க?"

"நீ முன்னாடி சொன்னதத்தாம்மா. கை வலிக்குது, மெதுவா எழுதறேன்."

"ஐயோ, மெதுவா எழுதுங்க டீச்சர். நான் இருக்கறேன்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிவில் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். அவள் சொன்னதை மட்டும் வாசித்தேன். நான் எழுதிய பக்கங்களை விரலால் தள்ளிவிட்டுத் தாண்டினேன். மாற்றி எழுதிய பதில் வந்தபோது, அவளுடைய கொல்லையையும் கூடையையும் ஞாபகத்திலிருந்து சொன்னேன், தாளில் இருப்பதை வாசிக்கிற மாதிரி. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "சரிங்க டீச்சர்" என்றாள்.

அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் எனக்கு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தாள். காலையிலேயே கொண்டுவந்து வாட்ச்மேனிடம் வைத்திருந்தாளாம். வாங்கிக்கொண்டேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம் எனக்கு. பாலக்கோட்டில் இறங்கியபோது ஒகேனக்கல் மீன் வந்திருக்கிறது என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டு போய், அவள் கொடுத்த தக்காளியைப் போட்டுக் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது வீட்டில் இதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

பதின்மூன்றாவது நாள் மே மாதக் கடைசியில் வந்தது. பிளஸ் டூ முடிவு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். பள்ளியில் சேர்க்கை வேலைக்காக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவளும் அவள் அப்பாவும். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மூன்று தரம் சொன்ன பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தார், அதுவும் ஓரத்தில்.

"டீச்சரம்மா, பொண்ணுக்குப் பரீட்ச எழுதுனது நீங்கதானுங்களே? இவ ஒரு கணக்குச் சொல்றா, எனக்கு அது புடிபடல. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அவள் கணக்கைச் சொன்னாள். பொருளாதாரத்துக்கு எழுத்துத் தேர்வு தொண்ணூறு மதிப்பெண். அவள் முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கான கேள்விகளை விட்டுவிட்டாள். மீதி அத்தனையும் சரியாக இருந்தாலும் ஐம்பத்தைந்துக்கு மேல் வர முடியாது. ஆனால் அறுபத்தெட்டு வந்திருக்கிறது. ஏதோ கோளாறு என்று இணையத்தில் பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கியிருக்கிறாள். ஒரு வாரமாக விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்திருக்கிறாள். பிளாஸ்டிக் கவரில் இருந்தது என் கையெழுத்து.

மதிப்பெண் அதிகமாக வந்துவிட்டது என்று புகார் சொன்ன பிள்ளையை நான் என் சர்வீஸில் அவள் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் காலேஜில கவுன்சிலிங்காமுங்க. அனுப்பறதான்னு நான் முடிவு பண்ணோணும். இதுல இருக்கறது எம்பொண்ணு சொன்னதுதானுங்களா?"

ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. பயம் ஒரு பக்கம். அவளை எப்படியாவது காலேஜுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஒரு பக்கம். எது பெரிய பக்கம் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

"எல்லாம் உங்க பொண்ணு சொன்னதுதாங்க. நான் எழுதுனதோட சரி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது, எனக்காக. ஒரு பதினேழு வயசுப் பெண் என்னைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா" என்றாள். கவரிலிருந்து தாள்களை எடுத்து விரித்தாள். அவள் சொன்ன பதில்களின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருந்தாள். கோணல் மாணலான கோடுகள். "கோடு போட்டிருக்கறதுதான் நான் சொன்னது. மத்ததெல்லாம் நான் சொன்னது இல்ல."

மறைமுக வேலையின்மைப் பதிலின் ஓரத்தில் கோடு இல்லை. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"டீச்சர், இதுக்கு நான் சொன்னது தப்புங்களா?"

"தப்பில்லம்மா."

"அப்பறம் ஏங்க மாத்துனீங்க?"

உங்க வீட்டு வாக்கியங்கள் என் கையெழுத்துக்கு அழகாக இல்லை என்று எப்படிச் சொல்வது?

"கோடு போட்டதுக்கு மட்டும் கூட்டிப் பாருங்க டீச்சர். நான் கூட்டிட்டேன். நீங்களும் ஒருக்கா பாருங்க."

கூட்டினேன். நாற்பத்து மூன்று வந்தது. மறுபடி கூட்டினேன், அதேதான். பள்ளியில் போடுகிற பத்தையும் சேர்த்தால் ஐம்பத்து மூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். என் உதவி இல்லாமல், யார் உதவியும் இல்லாமல், வூட்டுல ஏழு பேர் என்று சொன்ன பதிலைக் கணக்கில் எடுக்காமலேயே அவள் தேறியிருந்தாள்.

"பாத்தீங்களாப்பா?" என்று அவரிடம் திரும்பினாள். "நாப்பத்து மூணு என்னோடது. டீச்சரக் கேளுங்க."

"ஆமாங்க" என்றேன். "சத்தியமாங்க. கோடு போட்டதெல்லாம் இவ சொன்னது. இவளாத்தான் பாஸ் பண்ணிருக்கா."

அவர் தாள்களைப் பார்த்தார், பென்சில் கோடுகளைப் பார்த்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் நான்தான். அவர் குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. வந்ததும் கேட்டேன், எல்லாமே அவளுதுன்னு சொன்னீங்க. இப்பப் பாதி அவளுதுங்கறீங்க. நான் எதயங்க எடுத்துக்கறது?"

அவள் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு பதற்றம் தெரிந்தது.

"சரிங்க டீச்சர், இந்தப் பாடத்த நான் மறுபடி எழுதிக்கறேன். ஜூன் மாசம் வைக்கறாங்களே, துணைத்தேர்வு. வேற டீச்சர வெச்சு எழுதறேன். அப்பாவும் வெளிய வந்து இருக்கட்டும்."

"அது தோத்தவங்களுக்கும்மா. பாஸ் பண்ணவங்க மறுபடி எழுத முடியாது."

"அப்ப எனக்கு ஃபெயிலு போட்டுடச் சொல்ல முடியுங்களா டீச்சர்?"

முடியும். அதற்கு ஒரு வழி இருந்தது, எனக்கு அது தெரிந்திருந்தது. நடந்ததை நான் ஒரு பக்கம் எழுதித் தேர்வுத் துறைக்கு அனுப்பினால் அந்த விடைத்தாள் ரத்தாகும். எழுதிக்கொடுத்தவள் செய்த குற்றம் என்று பதிவாகும், பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு கேட்கலாம். எனக்குப் பதினேழு பி வரும். எங்கள் ஆசிரியர்களைக் குலைநடுங்க வைக்கிற ஒழுங்கு நடவடிக்கை அது. சஸ்பென்ஷன், விசாரணை, பேப்பரில் செய்தி, ஓய்வூதியத்தில் கை வைத்தாலும் வைப்பார்கள். என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் அவள் கேள்வி முடிவதற்குள் என் மண்டையில் ஓடி முடிந்துவிட்டது.

"முடியாதும்மா" என்றேன்.

அவள் நம்பினாள். தாள்களை வரிசையாக அடுக்கிக் கவருக்குள் வைத்தாள். அவர் எழுந்தார். "இத்தன நாளு கூட உக்காந்து எழுதுனீங்க, நல்லா இருங்க" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் காலேஜுக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க ஒரே ஒரு போன் போதும், அந்தப் பள்ளியில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விசாரிக்கவில்லை. போகவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். இப்படி ஒரு பயத்தை வைத்துக்கொண்டு தினமும் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துத் 'தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஜூனில் துணைத்தேர்வுக்கு எனக்குக் கண்காணிப்பாளர் பணி வந்தது. பொருளாதாரப் பரீட்சை அன்று என் ஹாலில் பதினெட்டு பேர். எல்லோரும் மார்ச்சில் தோற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் கேள்வித்தாள் கொடுத்தேன், விடைத்தாளின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பின் பெஞ்சில் இரண்டு இடம் காலியாக இருந்தது. நான் ஒரு பக்கம் எழுதியிருந்தால் அன்று அவளும் அந்தக் கட்டிடத்தில் ஏதோ ஓர் அறையில் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருப்பாள், அவள் அப்பா வெளியே காத்துக்கொண்டிருப்பார். மூன்று மணி நேரம் நான் நின்றுகொண்டே இருந்தேன்.